கணக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்: தன்னிடம் உண்மையாக இருக்கப் புதிதாக முயல்பவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் காற்று திரும்பினால் படகும் இடம் மாறும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், படகுகளை வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடை ஆரம்பித்து வடகடல் புரளத் தொடங்கியதும் மறுபடி தெற்கே வருவார்கள். காற்றோடு எந்தச் சம்மாட்டியும், அதாவது படகுக்குச் சொந்தக்காரரும், வாதாடுவதில்லை. ஆனால் அதே சம்மாட்டியிடம், பீரோவில் கிடக்கும் நகை அடகு ரசீதுகளை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "அது கிடக்குது, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்பார். வடக்கே தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து தெற்கே மூக்கையூர் வரைக்கும் இதே பதில்தான். மீன் தொழில் செய்கிறவர்கள் மட்டுமில்லை, ஆசிரியர், கடைக்காரர், வெளிநாட்டில் இருப்பவர் எல்லோரும் ஏதோ ஒன்றில் இப்படித்தான் இருக்கிறோம்.

நான் கவனித்தவரை, நாம் நமக்கே சொல்லிக்கொள்வது முழுப் பொய்யாக இருப்பதில்லை. உண்மையான ஒரு கணக்கைத் தொடங்கி, மனசுக்கு இதமான வரி வந்ததும் அங்கே நிறுத்திவிடுகிறோம். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சொன்ன வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் பொய் இருக்காது. சொல்லாமல் விட்ட அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த அடுத்த வரிக்குப் போவது எப்படி என்று இதில் படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா, ஒரு மாத அவகாசம், நம்பிக்கையான ஒரு மனிதர் போதும். விசைப்படகுக்காரர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல நேரம். படகு கரையில் ஏறிக் கிடக்கும், உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும், கையில் காசும் இருக்காது. காசில்லாத நேரத்தில் கணக்கு தெளிவாகத் தெரியும். மற்றவர்கள் எந்த மாதத்தில் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

முதல் படி: ஒரே ஒரு விஷயம்

வாழ்க்கை முழுவதையும் ஒரே நாளில் அலசி எடுக்க உட்காராதீர்கள். அப்படி உட்காருகிறவர்கள் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். அதுவும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். கடன், குடி, சர்க்கரை, பிள்ளையின் படிப்பு, இரவில் போனில் போகும் நேரம் என்று எதுவானாலும் சரி. கணவன் மனைவி உறவு, சொத்துத் தகராறு, இறந்துபோனவர்கள் மீதான வருத்தம் ஆகியவற்றை முதல் தடவைக்கு எடுக்க வேண்டாம். அவை முக்கியமானவைதான். ஆனால் எண்ணும் தேதியும் வைத்துப் பழகாத கைக்கு அவை பிடிபடாது.

எதை எடுப்பது என்று தெரியவில்லையா? யாராவது கேட்டால் எதற்கு உங்களுக்குச் சட்டென்று கோபம் வருகிறது என்று பாருங்கள். "இந்த மாசம் வட்டி கட்டியாச்சா?" என்று மனைவி சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். அதற்கு வீடே அதிர்கிற மாதிரி பதில் வந்தால், கணக்கு நின்ற இடம் அங்கேதான் இருக்கிறது. பிரிக்காமல் வைத்திருக்கும் தபால், திறக்காமல் விட்ட வங்கிக் குறுஞ்செய்தி, வாங்கி வந்து பையிலேயே கிடக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இவையும் நல்ல அடையாளங்கள்தான். கை எதைத் தொடத் தயங்குகிறதோ அதில் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: கடைசி வரி வரை எழுதுவது

இதுதான் முக்கியமான படி. இதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பாக் நீரிணையில் பைபர் படகில் நண்டு வலைக்குப் போகும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கூட ஒரு ஆள். அவரிடம் வருமானம் கேட்டால், "நாளைக்கு ரெண்டாயிரத்துக்குக் குறையாது" என்பார். மாதத்தில் 18 நாள் கடலுக்குப் போகிறார். நல்ல பாடு, அதாவது வலை நிறையக் கிடைத்த 4 நாள், நாளுக்கு 5,000 ரூபாய். சுமாரான 9 நாள், நாளுக்கு 2,000. பாடே இல்லாத 5 நாள், நாளுக்கு 600. மொத்தம் 41,000 ரூபாய். பதினெட்டால் வகுத்தால் நாளுக்கு 2,277 வருகிறது. அவர் சொன்னது உண்மைதான். எந்த இடத்திலும் அவர் பொய் சொல்லவில்லை.

இப்போது ஒரே ஒரு கேள்வி: அப்புறம்?

எண்ணெய்க்கும் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 800 என்றால் 18 நாளுக்கு 14,400. கிழிந்த வலைக்கும் புது நூலுக்கும் 4,000. மீதி 22,600. அப்புறம்? பாதி கூட வந்தவருக்கு. தன் கையில் 11,300. அப்புறம்? படகு வாங்கிய கடன் ஒன்றரை லட்சம், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி, அதற்கு 7,500. மீதி 3,800. அப்புறம்? அசலில் இந்த மாதம் எவ்வளவு குறைந்தது? ஒன்றும் குறையவில்லை.

"நாளைக்கு ரெண்டாயிரம்" என்ற வரிக்கும் "மாதம் 3,800, அசல் அப்படியே" என்ற வரிக்கும் நடுவில் நான்கு வரிதான். அந்த நான்கு வரியை எழுதாமலேயே வருடக்கணக்கில் ஓட்ட முடிகிறது. அந்த வருடங்களில் மகளின் கல்யாணத்துக்கும் இன்னொரு எஞ்சினுக்கும் புதுக் கடன் வாங்கும் முடிவுகள் எல்லாம் அந்த முதல் வரியை வைத்தே எடுக்கப்படுகின்றன. எனக்குப் பயம் அங்கேதான். ஒரு மனிதர் ஏழையாக இருப்பது அவர் குற்றமில்லை. மீன்பாடு குறைவதும், எண்ணெய் விலை ஏறுவதும், எல்லை தாண்டியதாகப் படகு பிடிபடுவதும் அவர் கையில் இல்லை. ஆனால் தன் நிலை தனக்கே தெரியாமல் இருந்தால், கையில் இருக்கிற கொஞ்சத்தையும் தப்பான பக்கம் செலவழித்துவிடுவார்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரியும். 5,000 கிடைத்த நாள் மனசில் நிற்கிறது, 600 கிடைத்த நாள் மறந்துபோகிறது. மனசு நல்ல பாடு கிடைத்த நாளை ஊர் முழுக்கச் சொல்லும், வெறும் வலை வந்த நாளை வீட்டிலும் சொல்லாது. அதனால் மனக்கணக்கை நம்பாதீர்கள். அன்றன்றைக்கு, கரைக்கு வந்து கை கழுவியதும் எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால், மறந்துபோனவை எழுத்திலும் வராது.

பணம் இல்லாத விஷயத்துக்கும் இதே முறைதான்.

சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, டீயில் சீனியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு கொஞ்சம் இறங்கி வரும். "டாக்டரே பரவாயில்லன்னுட்டார்" என்று வீட்டில் சொல்லலாம். சொன்னது உண்மையும்கூட. கணக்கு அங்கே நிற்கிறது. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையில் அது நிற்காது. ஏறத்தாழக் கடந்த மூன்று மாதத்துச் சராசரியை அது காட்டிவிடும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்வார்கள், 5.7 முதல் 6.4 வரை எல்லையில் இருப்பது. இரண்டு நாள் பத்தியம் இந்த எண்ணை அசைக்காது. இந்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண் உங்களை ஏமாற விடாதோ அந்த எண்ணைத் தேடிப் போவதுதான் இந்தப் படியின் சாரம்.

குடி என்றால் காலண்டரில் தேதியைச் சுழித்துக்கொண்டே வாருங்கள். "வாரத்துக்கு ரெண்டு நாள்தான்" என்பதில் யாருடைய கல்யாணம், எந்தத் திருவிழா, எந்த நண்பர் வந்த நாள் எல்லாம் கணக்கில் சேரவில்லை என்பது நான்காவது வாரம் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் இல்லாத தெரு கிடையாது. "இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்கு வந்துருவேன்" என்ற வாக்கியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. இதை எழுதிப் பாருங்கள். ஊருக்குத் திரும்ப எவ்வளவு சேர்ந்தால் போதும்? அந்தத் தொகையை முதலில் எந்த வருடம் சொன்னீர்கள்? அன்று சொன்னது எவ்வளவு, இன்று சொல்வது எவ்வளவு? நடுவில் எது சேர்ந்தது, மாடி வீடா, தங்கையின் கல்யாணமா? கடைசியில், மனைவியும் பிள்ளைகளும் இதில் எந்த இடத்தில் வருகிறார்கள்? திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைசி வரி வரை எழுதிய பிறகும் "இருக்கத்தான் வேண்டும்" என்று முடிவு வரலாம். அப்படி என்றால் "ரெண்டு வருஷம்" என்று சொல்வதை விட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். காத்திருக்கிறவர்கள் அதற்கேற்றபடி தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: கணக்கு எங்கே நிற்கிறது என்று பிடிப்பது

எழுதிக்கொண்டே போகும்போது சில இடங்களில் பேனா தானாக நிற்கும். "எல்லாரும்தான் வாங்குறாங்க", "இப்போதைக்கு இப்படிப் போகட்டும்", "அப்படி ஒண்ணும் பெருசா இல்ல", "கடவுள் பாத்துக்குவார்" இந்த மாதிரி வரிகள் வரும். இவற்றை அடிக்காதீர்கள். கீழே கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் ஓர் எண்ணோ தேதியோ எழுத முடியுமா என்று பாருங்கள். "எல்லாரும்" என்றால் யார், மூன்று பேர் பெயர் சொல்ல முடியுமா? "இப்போதைக்கு" என்றால் எந்த மாதம் வரைக்கும்? எழுத முடிந்தால் கணக்கு ஓடுகிறது. முடியவில்லை என்றால் நின்ற இடம் அதுதான்.

மனசு இதை ஏன் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் நம் மேலேயே கோபம் வராது. அதற்காக ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1959-இல் லியோன் பெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு மிகவும் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பலகையில் இருக்கும் முளைகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அதுமாதிரி வேலை. முடித்ததும், அடுத்து வருகிறவரிடம் "வேலை சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். இப்படிச் சொல்லச் சிலருக்கு 20 டாலர், சிலருக்கு ஒரே ஒரு டாலர். பிற்பாடு உண்மையிலேயே வேலை எப்படி இருந்தது என்று தனியாகக் கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்கள் சலிப்பென்றே சொன்னார்கள். ஒரு டாலர் வாங்கியவர்கள்தான் வேலை நன்றாக இருந்தது என்றார்கள். இருபது டாலர், பொய் சொன்னதற்குப் போதுமான சாக்கு. ஒரு டாலர் அதற்குக் காணாது. ஒரு டாலருக்காகப் பொய் சொன்னேன் என்று நினைக்க மனசு கூசுகிறது, அதனால் அந்தப் பொய்யையே நிஜம் என்று மாற்றிக்கொள்கிறது.

நம் ஊரில் இது வேறு விதமாக நடக்கும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று ஓர் ஏஜெண்ட் வருகிறார். நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள். சொந்தக்காரர் ஒருவர் விசாரிக்கிறார், "ஆளு நல்ல ஆளுதான் மாமா" என்று சொல்லிவிடுகிறீர்கள். அப்படிச் சொன்னதற்கு உங்களுக்குக் காசு பணம் எதுவும் வரவில்லை, பேச்சு வாக்கில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஏஜெண்டின் ஒவ்வொரு தாமதத்துக்கும் நீங்களே காரணம் கண்டுபிடிக்க ஆரம்பிப்பீர்கள். விசா வராதது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு விஷயம். கணக்கைக் கடைசி வரை எழுதி முடிக்கும்வரை அந்த விஷயத்தைப் பற்றி ஊரில் உறுதியாக எதுவும் சொல்லாதீர்கள். யாரும் கேட்காமலேயே ஒன்றை நியாயப்படுத்திப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அன்று ராத்திரி நோட்டை எடுங்கள்.

நான்காம் படி: "அப்புறம்?" என்று கேட்க ஓர் ஆள்

தனியாக எழுதும்போது ஓரளவுதான் போக முடியும். பிறகு ஆள் வேண்டும். இது நம் கரைக்குப் புதிதில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்ல, போகும் முன் ஆத்தும சோதனை செய்யச் சொல்லி வளர்த்திருப்பார்கள். மார்க்கம் படித்த முஸ்லிம் பெரியவர்கள் முஹாஸபா என்பார்கள், தன்னைத் தானே கணக்குக் கேட்பது. இரண்டிலும் நாள், செயல், எண்ணம் என்று குறிப்பாகக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அது பழகியவர்களுக்கு இந்தப் படி சுலபம்.

யாரைக் கேட்பது? உங்களுக்குக் கடன் கொடுத்தவர் வேண்டாம். உங்கள் கையை எதிர்பார்த்து இருப்பவரும் வேண்டாம், உங்கள் மனம் நோகக்கூடாது என்று பயப்படுவார். கூடக் குடிக்கிற மச்சான் நிச்சயம் வேண்டாம். உங்களைத் திட்டிப் பழகிய அண்ணனும் வேண்டாம், அவர் பேசத் தொடங்கியதும் நீங்கள் எதிர்வாதம் செய்யத்தான் போவீர்கள். உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத, ஊருக்குச் சொல்லாத, கொஞ்சம் பொறுமையான ஒருவர் போதும். படித்தவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

அவரிடம் அறிவுரை கேட்காதீர்கள். நம் ஊரில் கேட்காமலேயே கிடைக்கும். மூன்றே கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: எவ்வளவு? எப்போதிலிருந்து? அப்புறம்?

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள், இல்லையென்றால் விரல் கிழிந்துவிடும். அப்படிப் போகிற ஒரு அக்காவுக்கு வலது தோள் தூக்க வரவில்லை. "உப்புத் தண்ணியில நின்னா எல்லாருக்கும்தான் வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரையில் உட்கார்ந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் கேட்டது இவ்வளவுதான்.

"மதினி, நீங்க ஏன் இடது கையால தலை சீவுறீங்க?"

"பழகிருச்சு."

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து."

"இப்ப ஆடி."

அக்கா பதில் சொல்லவில்லை. விரல் துணிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை கூட வர்றியா?" என்று கேட்டார். நாத்தனார் ஓர் அறிவுரையும் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீங்கள் தேட வேண்டிய ஆள் அந்த நாத்தனார் மாதிரியான ஆள்.

இன்னொருவர் உங்களிடம் இப்படி வந்தால் நீங்களும் அதே மூன்று கேள்வியோடு நின்றுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: கூண்டை முன்பே எழுதி வைப்பது

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. எந்த நிலைக்கு எந்த எண் என்பது முன்பே தீர்மானித்து வைத்தது. கூண்டு ஏற்றுகிறவர் கரைக்கு வந்து, "உங்களுக்குக் கடன் எவ்வளவு, இன்னைக்குப் போயே ஆகணுமா?" என்று கேட்டு எண்ணைக் குறைப்பதில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் வேண்டும். மனசு அமைதியாக இருக்கும் ஒரு நாளில், எது நடந்தால் என்ன செய்வேன் என்று எழுதி வையுங்கள். "தொடர்ந்து மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டி அசல் குறையவில்லை என்றால், இரண்டாவது எஞ்சினை விற்பேன்." "ஹெச்பிஏ1சி 7-க்கு மேல் போனால் அந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பேன்." "ஏஜெண்ட் சொன்ன தேதி இரண்டாவது முறை தள்ளிப்போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன்." எண்ணும் தேதியும் இல்லாத வரியை இந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். "நிலைமை மோசமானால் ஏதாவது செய்வேன்" என்பதை எழுத வேண்டாம். மோசம் என்பதை நீங்கள் அப்போது ஒத்துக்கொள்ளவே மாட்டீர்கள்.

எழுதியதை நான்காம் படியில் சொன்ன ஆளிடம் காட்டிவிடுங்கள். அந்த நாள் வரும்போது உங்களுக்கு நூறு காரணம் தோன்றும். சிலது நியாயமாகக்கூட இருக்கும். அப்போது எண்ணை மாற்றக்கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் குறைந்தது ஒரு வாரம் கழித்து, அந்த ஆளின் முன்னிலையில் மாற்றுங்கள்.

கடலைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள்கூட அட்வான்ஸ் வாங்கிய வருடத்தில் காற்றைத் தப்பாகப் படிப்பதுண்டு. வியாபாரிக்கு நண்டு கொடுத்தே ஆகவேண்டும், வலை கடலில் கிடக்கிறது, வீட்டில் அரிசி இல்லை. அப்போது மேகத்தைப் பார்த்து "தணிஞ்சிரும்" என்று தோன்றும். கண் பார்ப்பது அதே மேகத்தைத்தான், அதற்கு அர்த்தம் சொல்வது கடன். கரையில் கடன் கணக்கு தெளிவாக இருந்தால் கடலில் உயிர் பிழைக்கும் என்று நான் சொல்வது இதனால்தான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆறாம் படி: தெரிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு காரியம். சின்னதாக இருந்தாலும் போதும். அடகு ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, முதலில் மூழ்கப் போகும் நகை எது என்று மனைவியிடம் சொல்வது. அதிக வட்டிக் கடன் எது, குறைந்த வட்டிக் கடன் எது என்று வரிசைப்படுத்தி, கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ மாற்ற முடியுமா என்று போய் விசாரிப்பது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து மருத்துவரிடம் காட்டுவது. இது நடக்காவிட்டால், "எனக்கு என் நிலைமை தெரியும்" என்பதே அடுத்த இதமான வரியாகிவிடும், கணக்கு அங்கே நின்றுவிடும். தன் தவறுகளை அழகாக விவரித்துச் சொல்லிவிட்டு, வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறவர்கள் உண்டு.

தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

முதல் வாரத்தில் பலரும் தங்களைத் திட்டத் தொடங்குகிறார்கள். "நான் உருப்படாதவன், என்னால குடும்பமே நாசம்" என்று எழுதுகிறார்கள். இது உண்மை மாதிரி ஒலிக்கும். ஆனால் இதிலும் எண் இல்லை, தேதி இல்லை, இதற்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலையும் இல்லை. இதுவும் பாதியில் நின்ற கணக்குதான். "மார்ச் மாதம் வாங்கிய 20,000-ஐ வீட்டில் சொல்லவில்லை" என்பது உண்மை. அதற்கு ஒரு அடுத்த வரி உண்டு, சொல்லிவிடலாம்.

நம்பிக்கையையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "பிள்ளை இந்தத் தடவை பாஸாகிவிடுவாள்" என்று நம்பி, அவள் எந்தப் பாடத்தில் திணறுகிறாள் என்று விசாரித்து, தினமும் பக்கத்தில் உட்காருகிற தாய் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மதிப்பெண் அட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற தகப்பன் விஷயம் வேறு.

அடுத்தவர் நோட்டில் கை வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் நம் கரையில் உண்டு. உடல் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை. அந்த வீட்டு அம்மா, "எங்கயாவது கரை ஒதுங்கி இருப்பான்" என்று சாப்பாடு எடுத்து வைத்தால், அவரிடம் போய் உண்மையைப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. அவர் ஏமாறுகிறார் என்று நினைக்க வேண்டாம். தாங்க முடிந்த அளவுக்கு நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். அங்கே போய்ச் செய்ய வேண்டியது நிவாரண மனு எழுதித் தருவது, ரேஷன் கடைக்குப் போய்வருவது, பக்கத்தில் உட்காருவது.

எழுதத் தொடங்கிய பிறகு தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடிவிடுங்கள். அந்த நிலையில் இது உங்களுக்கான வேலை இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கணக்கைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரே நாளில் தானாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள்.

மற்றவர்கள் முதல் மாதம் முடிந்ததும் வேறு விஷயத்துக்குத் தாவ வேண்டாம். அதே விஷயத்தை இரண்டாவது மாதமும் அதே நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். போன மாதம் கோடு போட்ட வரிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரிக்கு இப்போது எண் கிடைத்திருக்கிறது, எது இன்னும் வெறும் கோடாகவே இருக்கிறது என்று தெரியும். வெறும் கோடாக இருப்பதை உங்கள் ஆளிடம் எடுத்துப் போய், அங்கிருந்து கேட்கச் சொல்லுங்கள்.